அத்தியாயம் 14: எதிரே சுவர் இருக்கிறதா?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பிரேக்கம்மா தேர்வுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். தேர்வு பதினோரு மணிக்கு.

இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் அவர் கால் தானாக அதை அமுக்கிவிடும். அந்தக் காலுக்குக் கிடைத்த பட்டம்தான் பிரேக்கம்மா.

அந்தக் கால்தான் இப்போது மக்கர் செய்கிறது. முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்த டாக்டர், "இனிமே பிரேக் பக்கமே போகாதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பயிற்சிப் பள்ளி முதலாளி தங்கமான மனுஷன். புதிதாக ஒரு சிமுலேட்டர் வாங்கியிருந்தார். மூன்று திரை, ஒரு ஸ்டீயரிங், ஓட்டுகிறவர் இருக்கிற இடத்திலேயே ஓட்டிப் பழகலாம். எங்கே மழை பெய்ய வேண்டும், எங்கே குறுக்கே குழந்தை ஓடி வர வேண்டும் என்று அதற்குப் பாடம் எழுத ஓர் ஆள் தேவை. "புரோகிராமிங் அடிப்படை வகுப்புல பாஸ் பண்ணின தாளோட சனிக்கிழமைக்குள்ள வந்து நில்லுங்க, அந்த நாற்காலி உங்களுக்குத்தான். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது, வெளியில ஆள் எடுத்துடுவேன்" என்றார்.

நாற்காலி கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரேக்கம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தாலே திங்கட்கிழமை உடம்பு வலிக்கும்.

அப்படி ஒரு வகுப்பு ஊரிலேயே ஒரே இடத்தில்தான் நடக்கிறது, நூலகத்தின் மாடியில். நடத்துகிறவர் அவருடைய சொந்த மாப்பிள்ளை. இங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

மாமியாரும் மாப்பிள்ளையும் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." "ஃபேன் போடட்டுமா மாப்பிள்ளை?" "இருக்கட்டும் அத்தை." இந்த நாலு வசனத்தைத் தாண்டி இருவருக்கும் நடுவில் பேச்சு நீண்டதே இல்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை!

அந்த மரியாதை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதைத்தான் போன வாரம் மகள் பார்த்துவிட்டாள். கணவனின் கம்ப்யூட்டரில் மின்கட்டண ரசீதைத் தேடப் போனவள், அம்மாவின் வீட்டுப்பாடங்கள் வரிசையாக இருப்பதைக் கண்டாள். முதல் பாடத்தைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்றின் பெயர் 'அத்தை'. இன்னொன்றின் பெயர் 'அத்தை, திருத்தியது'. மதிப்பெண் எல்லாம் இரண்டாவதற்குத்தான் விழுந்திருந்தது.

விஷயம் அன்றிலிருந்து அவள் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை இன்று தேர்வு வேலையாக விடியும் முன்பே நூலகத்துக்குப் போய்விட்டார்.

"என்னடி, என் மூஞ்சியையே பார்த்துட்டிருக்கே? நான் என்ன கல்யாணத்துக்கா கிளம்பியிருக்கேன்?" சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப்பைத் திறந்துகொண்டே பிரேக்கம்மா கேட்டார். "வா, உட்காரு. ஆறு பாடத்தையும் உனக்கு ஓட்டிக் காட்டறேன். உன் புருஷன் ஆறுக்கும் முழு மார்க் போட்டிருக்கார், தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றாள் மகள். குரல் சுரத்தில்லாமல் வந்தது.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு தரை. அதன் ஒரு மூலையில் சின்னதாக ஒரு ரோபோ. வகுப்பில் அதற்கு மக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். மக்குவுக்குத் தெரிந்தது நாலே வேலை. ஒரு கட்டம் முன்னே போகும். இடது பக்கம் திரும்பும். காலடியில் கிடப்பதை எடுக்கும். எடுத்ததைக் கீழே வைக்கும். வலது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானால் மூன்று தடவை இடது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். இது போக இரண்டு கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். எதிரே சுவர் இருக்கிறதா? காலடியில் பொருள் இருக்கிறதா?

பிரேக்கம்மா பொத்தானை அமுக்கினார். மக்கு ஏழு கட்டம் நடந்து, திரும்பி, நாலு கட்டம் நடந்து, பந்தைப் பொறுக்கிக்கொண்டு சமத்தாக நின்றது.

"எப்படி?"

"நல்லாதான் இருக்கு. அம்மா, இந்தச் சுவரை ஒரே ஒரு கட்டம் இந்தப் பக்கம் தள்ளி வைக்கட்டுமா?"

"ஏன், அது பாட்டுக்கு அங்கே நிக்கட்டுமே. புஸ்தகத்துல அங்கேதானே போட்டிருக்கு."

"சும்மா ஒரு தடவை."

மகள் சுவரை நகர்த்தினாள். பிரேக்கம்மா மறுபடி அமுக்கினார். மக்கு ஆறு கட்டம் போனது. ஏழாவதுக்குக் காலை எடுத்து வைத்ததும் 'டொங்' என்று சத்தம். திரை ஒரு குலுங்கு குலுங்கி, ரோபோ மல்லாந்து கிடந்தது.

"உன்னை யாருடி சுவரைத் தள்ளச் சொன்னது?"

"பரீட்சையில தள்ளுவாங்கம்மா. நாம எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் அறை எப்படி இருக்கும்னே காட்டுவாங்க. வகுப்புலயும் அப்படித்தான் திருத்துவாங்களாம்."

"வகுப்புல இதுக்குத்தானே முழு மார்க் கிடைச்சுது?"

மகள் மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கை ஆட்களின் முகத்தைப் பார்த்தே அடுத்து என்ன செய்வார்கள் என்று கணித்துப் பழகியவர் பிரேக்கம்மா. அவருக்கு மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை பாடம்?"

"முதல் பாடத்தைத் தவிர அஞ்சும்."

பிரேக்கம்மாவுக்கு அவமானமாக இருந்தது. ஆறு வாரமாகப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரிடமும் முழு மார்க் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டதை நினைத்தபோது உடம்பு கூசியது. கோபமும் வந்தது. மாப்பிள்ளை மேல் கோபப்பட்டுப் பழக்கம் இல்லாததால் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"திட்டும்மா, யாரையாவது" என்றாள் மகள்.

"திட்டறதுக்கு நேரமா இது? மணி என்ன?"

"ஏழே கால்."

"உனக்கு வேலைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"ஒன்பதுக்கு. இன்னிக்கு லேட்டா வர்றேன்னு சொல்லிடறேன். பல்லு வலின்னு வர்றவங்க ஒரு மணி நேரம் பொறுத்துக்குவாங்க." பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்க்கிறவள் பேசுகிற பேச்சா இது?

"அப்ப உட்காரு. நான் எழுதறேன், நீ சுவரைத் தள்ளு. இஷ்டத்துக்குத் தள்ளு."

ஏழெட்டு தடவை டொங். ஒன்பதாவது தடவை மக்கு மல்லாந்தபோது பிரேக்கம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தான் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தார். போ, போ, போ, திரும்பு, போ, போ. எல்லாம் கட்டளை. ஓர் இடத்தில்கூடக் கேள்வி இல்லை.

"நான் ஒரு தடவைகூட அதைப் பார்க்கச் சொல்லலையேடி!"

"என்னம்மா?"

"என் வண்டியில பார்க்கறது என் வேலை. எதிர்ல யாரு வர்றா, சிக்னல் என்ன கலர், எல்லாம் நான் பார்த்துக்குவேன். போன்னா போவாங்க, திரும்புன்னா திரும்புவாங்க. இதையும் அப்படியே ஓட்டியிருக்கேன். படத்தைப் பார்த்துக் கட்டத்தை எண்ணினது நான். அந்த மக்குவுக்கு என்ன தெரியும், பாவம்?"

அதன் பிறகு கை வேகமாக ஓடியது. எதிரே சுவர் இல்லாதவரை போய்க்கொண்டே இரு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கேட்டுக்கொள். மகள் சுவரை மூன்று கட்டம் தள்ளினாள். மக்கு போய்ச் சுவருக்கு முன்னால் கச்சிதமாக நின்றது. பத்துக் கட்டம் தள்ளினாள். அப்போதும் நின்றது.

"அம்மா!" என்று மகள் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பத்தரை மணிக்கு நூலக மாடி வகுப்பறையில் மாப்பிள்ளை மட்டும் இருந்தார். புரொஜெக்டரைச் சரிசெய்துகொண்டிருந்தவர், மாமியார் மூச்சு வாங்கப் படியேறி வருவதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க அத்தை. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க அத்தை."

"நீங்க உட்காருங்க முதல்ல."

"பரவாயில்லை அத்தை, நீங்க உட்காருங்க."

இருவரும் நின்றார்கள். இந்த மரியாதை ஒருநாள் இரண்டு பேரையும் கவிழ்க்கப் போகிறது என்று மகள் அடிக்கடி சொல்வாள்.

"என் பாடத்தையெல்லாம் நீங்கதான் திருத்தி வெச்சீங்களாமே."

மாப்பிள்ளையின் கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது. மறுக்கவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை.

"முதல் வாரம் ஞாபகம் இருக்கா அத்தை? எல்லார் முன்னாடியும் உங்க மக்கு சுவத்துல முட்டிச்சு. நம்ம வகுப்பு ரொட்டிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்க. ஆனா வீட்டுக்கு வந்து அன்னிக்கு நீங்க சாப்பிடலை. என் வகுப்புல வந்து என் மாமியார் தலை குனிஞ்சுட்டாங்களேன்னு இருந்துச்சு. அடுத்த வாரம் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதுக்கு அடுத்த வாரம் விட முடியலை."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படி அத்தை சொல்றது? உங்களைப் பார்த்துத் தப்புன்னு எப்படிச் சொல்றது?"

அவர் கேட்ட விதத்தில் பிரேக்கம்மாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அவர் விடவில்லை.

"மாப்பிள்ளை, என் வண்டியில நான் பிரேக் போட்டா வாய்விட்டுச் சொல்லிடுவேன். 'இது என் கால்'னு சொல்லுவேன். எத்தனை பெரிய மனுஷன் ஓட்டினாலும் சரி. ஒரு தடவை ஒரு நீதிபதி வந்தார், அவர்கிட்டயும் சொன்னேன், முகம் சுருங்கிப்போச்சு அவருக்கு. ஏன் சொல்றேன்? சொல்லாம விட்டா, தானே நிறுத்திட்டதா நினைச்சுக்குவாங்க. அப்புறம் தனியா வண்டி எடுக்கிற அன்னிக்கு, நிக்காது."

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த மார்க் எனக்கு வேண்டாம். பரீட்சை அதிகாரிகிட்ட நான் சொல்லிடறேன்."

"வேண்டாம் அத்தை."

"வேலைக்கு ஏதாவது ஆகிடும்னு பார்க்கறீங்களா?" கேட்ட பிறகுதான் பிரேக்கம்மாவுக்கே அது உறைத்தது. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து மாப்பிள்ளைக்குக் கிடைத்த வேலை இது. வாயைத் திறந்தால் மகள் குடும்பத்தின் தலையில் விழும். மூடிக்கொண்டால் அடுத்தவர் போட்ட மார்க்கோடு நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

"அதுக்கில்லை அத்தை. தப்புப் பண்ணினது நான். நான்தான் சொல்லணும்."

சொன்னவர் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தேர்வு நடத்த வந்திருந்த அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் ஓர் அடி ஸ்கேல் வைத்திருப்பதால் வகுப்பில் அவருக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். மாப்பிள்ளை அவர் முன்னால் நின்று ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. ஸ்கேல் மேடம் எழுதுவதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு, கதவு வழியாகப் பிரேக்கம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"வகுப்பு மார்க் இருக்கறவங்க மூணு அறையில ரெண்டு அறை சரியாச் செய்தாப் போதும், பாஸ். உங்களுக்கு அந்த மார்க்கை அடிச்சுட்டேன். மூணும் சரியா வரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பிரேக்கம்மா.

பதினோரு மணிக்கு வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பணி இதுதான். மக்கு ஒரு நடைபாதையின் முனையில் நிற்கும். நேரே சுவர்வரை போக வேண்டும். அங்கே வலது பக்கம் திரும்பி, அடுத்த சுவர்வரை போய் நிற்க வேண்டும். வழியில் கிடக்கும் பந்துகள் ஒன்று பாக்கியில்லாமல் கைக்கு வந்திருக்க வேண்டும். நடைபாதை எவ்வளவு நீளம், பந்து எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு மூன்றாக ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. எழுதிக் கொடுத்த பிறகுதான் உறை திறக்கப்படும். தவறிப்போனால் ஒரே ஒரு தடவை திருத்தலாம், பத்து நிமிடத்துக்குள்.

முதலில் ரொட்டிக்கடைக்காரர். முதல் அறையில் அவருடைய மக்கு ஜோராக நடந்தது. இரண்டாவது உறையை ஸ்கேல் மேடம் கிழித்து, வரைபடத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சுவரையும் பந்துகளையும் கம்ப்யூட்டரில் வைத்த பிறகு திரையைப் போட்டார். மக்குவின் மூக்குக்கு நேரே சுவர்! முதல் நடைபாதையே இல்லை. முதலில் ஓர் அடி போ, பிறகு பார் என்று எழுதியிருந்தார் ரொட்டிக்கடைக்காரர். டொங். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் திருத்தி எழுதி ஒரு வழியாகக் கரையேறினார்.

பிரேக்கம்மாவின் முறை கடைசியில் வந்தது.

முதல் அறை, சரி.

இரண்டாவது அறையிலும் மூக்குக்கு நேரே சுவர். பிரேக்கம்மாவின் வலது கால் மேஜைக்கு அடியில் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை. மக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், எதிரே சுவர் என்று தெரிந்துகொண்டு, மூன்று தடவை இடது பக்கம் சுற்றி வலது பக்கம் பார்த்து நின்று, நடக்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து இங்கே போ, அங்கே நில் என்று யாரும் சொல்லவில்லை. எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார், அது பார்த்துக்கொண்டு போகிறது. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது உறை. நீளமான நடைபாதை. மக்கு போனது, பொறுக்கியது, போனது, பொறுக்கியது. திரும்பியது. இன்னும் இரண்டு பந்துகளை எடுத்தது. கடைசிச் சுவருக்கு முன்னால் போய் நின்றது. தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு பந்துகூடக் கண்ணில் படவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பிரேக்கம்மா எழுந்தே விட்டார்.

ஸ்கேல் மேடம் மாப்பிள்ளை மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்த வரைபடத்தைப் பிரிக்காமலே அவரைக் கேட்டார். "அறையை வெச்சது நீங்க. சரியா இருக்கா?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். மாமியார் முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து மாப்பிள்ளை பார்த்ததில்லை.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வகுப்பே கை தட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"தப்பு அத்தை" என்றார் மாப்பிள்ளை. வகுப்புக்கே கேட்கும்படி, சத்தமாக. "ஒரு பந்தை விட்டுட்டீங்க."

கை தட்டல் நின்றது. பிரேக்கம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது, எடுத்து உள்ளே வைக்க மறந்ததுபோல. முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. நாற்காலி கண் முன்னால் நகர்ந்து போவது தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, தலையைக் குனியவில்லை. இந்த மனுஷன் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று பிரேக்கம்மாவுக்குத் தோன்றியது.

"எங்கே விட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"கூடாது அத்தை. நீங்கதான் கண்டுபிடிக்கணும். பத்து நிமிஷம் இருக்கு."

"ரொம்பச் சரி" என்று உட்கார்ந்தார்.

பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத இடம் அறையில் எங்கே இருக்கும்? வரிகளை மக்குவின் காலாலேயே நடந்து பார்த்தார். எதிரே சுவர் இல்லாதவரை இதைச் செய்: காலடியில் பார், இருந்தால் எடு, ஓர் அடி போ. காலடியில் பார், எடு, போ. சுவர் வந்ததும் நின்றுவிடு. நின்றுவிட்டால்? போவதற்கு முன்னால் பார்க்கச் சொன்னோம். போவதற்கு இடமில்லாத கடைசிக் கட்டத்தில் அது எங்கே பார்த்தது?

"அட, நின்ன இடத்துல பார்க்கவே இல்லையே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பந்து மக்குவின் காலுக்கு அடியிலேயே இருந்தது. அதன் படமே பந்தை மறைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு வரி சேர்த்தார். மறுபடி ஓட்டினார்கள். மக்கு போனது, திரும்பியது, சுவர் முன்னால் நின்றது, நின்றபடி குனிந்து பந்தை எடுத்தது. ஸ்கேல் மேடம் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் ஸ்கேல் மேடம் கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். படித்தாரா, முன்பே படித்திருந்தாரா, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேலை வைத்து அடியில் நேராக ஒரு கோடு இழுத்து, பிரேக்கம்மாவிடம் நீட்டினார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே மாப்பிள்ளையிடம் சொன்னார்.

"நீங்க திங்கட்கிழமை காலையில என் அறைக்கு வாங்க."

"எதுக்கு மேடம்?"

"வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாடிப்படியில் இருவரும் மெதுவாக இறங்கினார்கள். முழங்காலுக்காக மாமியார் மெதுவாக இறங்க, அவருக்காக மாப்பிள்ளையும் மெதுவாக இறங்கினார்.

"ஏன் மாப்பிள்ளை, சரின்னு சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் அத்தை. நாளைக்கு நீங்க எழுதற பாடத்துல எத்தனையோ பேர் வண்டி ஓட்டிப் பழகப் போறாங்க." இரண்டு படி இறங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "கோபமா அத்தை?"

"காலையில இருந்துச்சு. இப்ப இல்ல. வகுப்புல என்னைத் தப்புன்னு சொன்னீங்களே, அப்ப போயிடுச்சு. சொல்றேனேன்னு நினைக்காதீங்க மாப்பிள்ளை, வீட்டுலயும் உங்க குரல் அந்த அளவுக்கு வந்தா நல்லா இருக்கும்."

மாப்பிள்ளை சிரித்தார். பிரேக்கம்மாவும் சிரித்தார். திங்கட்கிழமைப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுக்காமலே இருவருக்கும் நடுவில் அது கூடவே படியிறங்கி வந்தது.

வாசலுக்கு வந்ததும் போன் அடித்தது. மகள்தான். பின்னால் பல் ராவுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, என்ன ஆச்சு? பாஸா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லு!"

பிரேக்கம்மா தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நான் பாஸ்டி. உன் புருஷன் பாஸா இல்லையாங்கறது திங்கட்கிழமைதான் தெரியும்."